ஓரம் வெட்டாத அக்கா

நியூ ஜெர்சியின் ஐசலினில் அந்த அக்காவிடம் படம் கொடுத்துவிட்டுச் சண்டை போடாமல் வீடு திரும்பியவர் யாராவது இருக்கிறார் என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன். ஓக் ட்ரீ ரோட்டில் ஒரு புடவைக் கடைக்கும் ஒரு ஸ்வீட் கடைக்கும் நடுவில் இருந்தது அவருடைய கடை. ஒருவர் உள்ளே போக வேண்டுமென்றால் உள்ளே இருப்பவர் வெளியே வந்தாக வேண்டும், அவ்வளவு ஒடுக்கம். படங்களுக்குப் பிரேம் போட்டுக் கொடுப்பார். சாமி படம், கல்யாண போட்டோ, பிள்ளைகளின் பட்டச் சான்றிதழ், மியூசியத்தில் வாங்கிய போஸ்டர், எதை வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். "ஓரத்துல கொஞ்சம் கட் பண்ணிடுங்க" என்று மட்டும் சொல்லக் கூடாது. சொன்னால் தொலைந்தோம்.

"ஓரத்திலை நிக்கிறது ஆர்?" என்று கேட்பார். பதில் தெரியாவிட்டால் படத்தைச் சுருட்டி நம் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவார்.

நான் முதல் முறை போனது தொண்ணூற்றெட்டில். என் கல்யாண குரூப் போட்டோவைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, தள்ளுபடியில் ஒரு ரெடிமேட் பிரேமும் வாங்கிக்கொண்டு போயிருந்தேன். போட்டோ பிரேமைவிட இரண்டு அங்குலம் அகலமாக இருந்தது.

"ஆன்ட்டி, ரைட் சைடுல ரெண்டு இன்ச் எடுத்துட்டா ஃபிட் ஆயிடும்" என்றேன்.

"முதல்லை, நான் உமக்கு ஆன்ட்டி இல்லை. மிஞ்சிப்போனால் பத்து வயசு கூட இருப்பன். அக்கா எண்டு சொல்லும். ரெண்டாவது, உவர் ஆர்?"

போட்டோவின் வலது ஓரத்தில் ஒருவர் பாதி உடம்பாக, ஒரு கையைத் தூக்கியபடி நின்றிருந்தார். எனக்குத் தெரியவில்லை. கணவர் பக்கத்து உறவாக இருக்கும் என்றேன்.

"உம்மடை கலியாணத்துக்கு வந்தவரை உமக்குத் தெரியாது. கேட்டுக்கொண்டு வாரும். பிறகு வெட்டுறதோ விடுறதோ எண்டு யோசிப்பம்."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. என் போட்டோ, என் கல்யாணம், என் பிரேம். இந்த அம்மாள் யார் என்னைக் கேள்வி கேட்க? காரில் திரும்பும் வழியெல்லாம் கணவரிடம் பொரிந்து தள்ளினேன். அவருக்கும் அந்த ஆள் யாரென்று தெரியவில்லை. ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மாவிடம் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அவராடி? வீடியோக்காரரோட வந்தவர், லைட் புடிச்சவர்" என்றாள் அம்மா. "முகூர்த்தம் முடியற வரைக்கும் கைய எறக்கவேயில்ல. சாப்பிட்டாரான்னு கூட யாரும் கேக்கல, பாவம்."

அடுத்த சனிக்கிழமை இதை அக்காவிடம் சொன்னபோது அவர் வெற்றிச் சிரிப்பெல்லாம் சிரிக்கவில்லை. அளவு நாடாவை எடுத்து, போட்டோவை முழு அகலத்துக்கும் அளந்து, அதற்கேற்ற மரச்சட்டத்தைத் தேட ஆரம்பித்துவிட்டார். நான் வாங்கிய ரெடிமேட் பிரேம் இன்றும் எங்கள் கராஜில் கிடக்கிறது.

அக்கா யாழ்ப்பாணம். நியூ ஜெர்சிக்கு வருமுன் எட்டு வருடம் ஜெர்மனியில், பழைய ஓவியங்களின் சட்டங்களைச் செப்பனிடும் பட்டறை ஒன்றில் வேலை செய்திருக்கிறார். கடை மேசைக்குக் கீழே ஒரு பிஸ்கட் டின் வைத்திருந்தார். அது நிறைய மியூசியங்களில் விற்கும் ஓவிய அஞ்சலட்டைகள், பெரும்பாலும் வசந்த காலப் படங்கள். மடி நிறையப் பூ வைத்திருக்கும் பெண்கள், முயல், முட்டைக் கூடை, பிறந்து இரண்டு நாளான ஆட்டுக்குட்டி, பனியைத் துளைத்து வந்த வெள்ளைப் பூ.

"ஏன் அக்கா, உங்களுக்கு வேற சீசனே புடிக்காதா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நான் அங்கை போய் இறங்கினது நடு வின்டரிலை. பாஷை தெரியாது. ஆறு மாசம் ஒருத்தரோடையும் கதைக்கேல்லை. சுவரிலை கிடந்த படங்களைப் பாத்துத்தான் இனி என்ன வரப்போகுதெண்டு விளங்கிக் கொண்டனான். ஒண்டு சொல்லட்டே? நடுவிலை நிக்கிற வடிவான பொம்பிளை எந்த மாசத்திலையும் நிப்பா. இது வசந்தமெண்டு சொல்லுறது ஓரத்திலை கிடக்கிறதுதான்."

அவர் சொன்னதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் மார்ச் மாதத்தில் எங்கள் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் அழுக்குப் பனிக் குவியல் உருகும்போது பார்த்திருக்கிறேன். புல் முதலில் எட்டிப் பார்ப்பது விளிம்பில்தான்.

ஒரு கோவில் கமிட்டிக்காரர்கள் வந்தபோது நானும் கடையில் இருந்தேன். ஆண்டு விழா குரூப் போட்டோ. இடது பக்கம் ஐந்து சமையல்காரர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்கள். "அவங்க கமிட்டி மெம்பர்ஸ் இல்லம்மா, அந்தப் போர்ஷன எடுத்துடுங்க" என்றார் கமிட்டியில் ஒருவர், ஏதோ கறையைத் துடைக்கச் சொல்வதுபோல.

"இவையள் சமைச்சதைத்தானே அண்டைக்கு நீங்கள் எல்லாரும் சாப்பிட்டனீங்கள்?" என்றார் அக்கா.

"அது வேற விஷயம்மா."

"எனக்கு வேறை விஷயமாத் தெரியேல்லை."

போட்டோவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். தீபாவளிக்குக் கோவிலுக்குப் போனபோது பார்த்தேன், அதே போட்டோ ஹாலில் மாட்டியிருந்தது. சமையல்காரர்களைக் காணோம். அன்றைக்கு எனக்குச் சாம்பார் சாதம் இறங்கவில்லை. இப்படிக் கோபித்துக்கொள்ள எனக்கு என்ன யோக்கியதை இருந்தது என்பது அடுத்த வசந்தத்தில் தெரிந்தது.

நான் அப்போது பார்சிப்பனியில் ஒரு கன்சல்டிங் கம்பெனியில் ரிசப்ஷன் மேசையில் உட்கார்ந்திருந்தேன். முதலாளி நம்மூர்க்காரர். இந்தியாவிலிருந்து புரோகிராமர்களை விசாவில் கூட்டி வந்து இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு வேலைக்கு அனுப்புவார். வேலை கிடைக்கும்வரை அவர்கள் "பெஞ்ச்"சில் இருக்க வேண்டும். பெஞ்ச் என்றால் கம்பெனியின் கெஸ்ட் ஹவுஸ், இரண்டு பெட்ரூம் அபார்ட்மென்டில் ஒன்பது பேர். கிளையன்ட் ஆபீசுக்கு வரும் நாட்களில் காலை என் முதல் வேலை கெஸ்ட் ஹவுசுக்கு போன் செய்வது. "இன்னிக்கு கிளையன்ட் விசிட் இருக்கு. யாரும் ஆபீஸ் பக்கம் வராதீங்க." சும்மா உட்கார்ந்திருக்கும் ஆட்களைக் கிளையன்ட் பார்த்துவிடக் கூடாதாம். மற்ற நாட்களிலும் அவர்கள் பின்வாசல் வழியாகத்தான் போய்வருவார்கள், ஒருவர் முகமும் எனக்குத் தெரியாது.

பெரும்பாலும் போனை எடுப்பவர் திருச்சிக்காரர், நாற்பதைத் தாண்டியவர், பழைய கம்ப்யூட்டர் மொழிகளில் கெட்டிக்காரர். "சரிங்க மேடம். பத்து நிமிஷம் ஈமெயில் மட்டும் பாத்துட்டு ஓடிடட்டுமா? பசங்க எழுதியிருப்பாங்க" என்று கேட்பார். "வேண்டாங்க" என்பேன். அப்புறம் காபி குடிக்கப் போவேன்.

தொண்ணூற்றொன்பது மார்ச்சில் ஆபீஸ் புதிய கட்டடத்துக்கு மாறியது. மூன்று மாடி. முதலாளி நியூயார்க்கில் ஒரு மியூசியம் கடையிலிருந்து நான்கு பெரிய ஓவியப் பிரிண்டுகளை வாங்கி வந்தார். எல்லாம் ஐரோப்பிய வசந்த காலப் படங்கள். "ஸ்பிரிங்னா குரோத். கிளையன்ட் உள்ள வந்ததும் அதுதான் கண்ணுல படணும்" என்றார். நான் உடனே அக்காவைப் பற்றிச் சொன்னேன். நன்றாகச் செய்து கொடுத்தால் மூன்று மாடிக்கும் அவருக்கே ஆர்டர் என்றார் முதலாளி.

அந்த ஆர்டர் அக்காவுக்கு எவ்வளவு அவசியம் என்று எனக்குத் தெரியும். கடையின் குத்தகை மே மாதத்தோடு முடிகிறது. கட்டடச் சொந்தக்காரர் அந்த இடத்தை நகைக் கடைக்குக் கொடுக்கத் துடித்துக்கொண்டிருந்தார். கையில் ஒரு பெரிய ஆபீஸ் ஆர்டர் இருந்தால் அதைக் காட்டிக் கடையைத் தக்கவைத்துக்கொள்ளலாம் என்று அக்காவே என்னிடம் சொல்லியிருந்தார். கடை போனால் டொரொன்டோவில் தம்பி வீட்டில் போய் நிற்பதைத் தவிர வேறு வழியில்லை. நான்கு படங்களையும் காரில் வைத்துக்கொண்டு போனபோது ஏதோ நானே கடையைக் காப்பாற்றிவிட்ட மிதப்பில் இருந்தேன்.

அக்கா முதல் படத்தை விரித்து, சுருண்ட முனைகளை உள்ளங்கையால் நீவிவிட்டார். பிறகுதான் பென்சில் கோடுகளைப் பார்த்தார். நான்கும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று முதலாளி தன் கையாலேயே கோடு போட்டிருந்தார்.

"இதென்ன?"

"அந்த லைன் வரைக்கும் கட் பண்ணணும் அக்கா."

முதல் படத்தில் ஒரு பெண் பூக்களை இறைத்தபடி நடந்து வருகிறாள். இடது மூலையில் ஒருவன் கன்னத்தை உப்பிக்கொண்டு ஊதுகிறான். கோடு அவனை வெட்டியது.

"உவன்தான் காத்து. பனியை ஊதித் துரத்துறவன். உவனை எடுத்தால் அவவின்ரை சட்டை ஏன் பறக்குது? ஃபான் போட்டவையோ?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அக்காவுக்கு வரவில்லை. இரண்டாவது படம் இலையே இல்லாமல் பூத்த ஒரு பாதாம் கிளை. மேல் மூலையில் புள்ளிபோல ஒரு தகைவிலான் குருவி. அதுவும் கோட்டுக்கு வெளியே.

"பாதாம் அவசரக்காரி. பனி முடியமுன்னமே பூத்திடும். அதை நம்பேலாது. உந்தக் குருவி கடல் தாண்டித் திரும்பி வந்தால்தான் சனம் நம்பும். உதைப் போய் வெட்டச் சொல்லுறாரே."

மூன்றாவது, பழைய பஞ்சாங்கப் புத்தகம் ஒன்றின் மார்ச் மாதப் பக்கம். கீழே ஒருவன் திராட்சைக் கொடியைக் கவாத்து செய்கிறான். மேலே நீல வளைவில் ஓர் ஆட்டுக்கடா. "மேஷம்" என்றார் அக்கா. "எங்கடை சித்திரையும் உதுக்குள்ளைதான் பிறக்குது. உம்மடை முதலாளி வருசப்பிறப்புக்குப் பொங்கிறவரோ இல்லையோ?" கடாவின் கழுத்தில் கோடு விழுந்திருந்தது.

நான்காவது படத்தைப் பார்த்ததும் அவர் குரல் இறங்கிவிட்டது. பெரிய மாளிகைத் தோட்டம். ஒரு சீமாட்டி கையை நீட்டி உத்தரவிட்டுக்கொண்டிருக்கிறாள். படத்தின் இடது பாதி முழுக்க ஆட்கள் பாத்தி வெட்டுகிறார்கள், செடி நடுகிறார்கள், தண்ணீர் ஊற்றுகிறார்கள். ஒருவர் முகமும் சரியாகத் தெரியாது, எல்லோரும் குனிந்திருக்கிறார்கள். அக்கா விரல் வைத்து எண்ணினார். பதினொரு பேர். முதலாளியின் கோடு சீமாட்டிக்கும் அவர்களுக்கும் நடுவே நேராக இறங்கியிருந்தது.

"இதிலை வசந்தம் எண்டால் இவையள்தான். அவ பூவைக் கூடத் தொடேல்லை" என்றார் அக்கா.

"இது வெறும் பிரிண்ட் அக்கா. ஒரிஜினல் எங்கயோ பத்திரமா இருக்கு."

"உம்மடை ஆபீசுக்கு வாறவை ஒரிஜினலையோ பாக்கப் போகினம்?"

"கடைய நெனச்சுப் பாருங்க. ப்ளீஸ்."

அக்கா இரும்பு ஸ்கேலை எடுத்துக் கோட்டின் மேல் வைத்தார். கத்தியையும் எடுத்தார். சத்தியமாகச் சொல்கிறேன், வெட்டிவிடுவார் என்றுதான் நினைத்தேன். வெட்ட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். வெளியே யாரோ ஹார்ன் அடித்தார்கள். அவர் கத்தியை மூடி வைத்துவிட்டார்.

"ஏலாது பிள்ளை."

நான் கத்தினேன். "உங்க பிடிவாதத்துக்கு நான் என் வேலைய விடணுமா? நாலு பேப்பர் அக்கா, வெறும் பேப்பர்!"

"உம்மை வேலையை விடச் சொன்னனானோ? வெட்டுறதெண்டால் நீர் வெட்டும். முழுசாப் போடுறதெண்டால் நாளைக்குப் பகல் முழுக்க இருந்து நாலையும் முடிச்சுத் தாறன். உம்மடை முதலாளியைக் கேளும்."

கடை போனிலிருந்தே முதலாளியைக் கூப்பிட்டேன். "நாலும் ஒரே சைஸ்ல இருக்கணும். அந்தக் கூலிக்காரங்க எதுக்கு என் லாபியில? முடியாதுன்னா வேற கடை பாரும்மா. பிரேம் போடறவங்ககிட்ட நான் ஆர்ட் கத்துக்கணுமா?" என்று வைத்துவிட்டார். அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில்கள் இன்றைக்கு எனக்கு வரிசையாக வருகின்றன. அன்றைக்கு "ஓகே சார்" என்றேன்.

ஒரு மாலில் இருந்த பிரேம் கடைக்குப் போனேன். சூயிங் கம் மென்றுகொண்டிருந்த பெண் படத்தை மெஷினில் வைத்து, இங்கேதானே என்று கேட்டாள். ஆமாம் என்றேன். நான்கு படத்துக்கும் சேர்த்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வெட்டின துண்டுகளைக் குப்பையில் போடவா என்றபோது மட்டும், ஏனோ, வேண்டாம், கொடுத்துவிடு என்றேன்.

திங்கட்கிழமை கிளையன்ட் வந்தார்கள். படங்களைப் பார்த்து "லவ்லி" என்றார்கள். முதலாளியின் முகத்தில் அப்படியொரு பெருமை. நான்காவது படம் என் மேசைக்கு நேர் மேலே இருந்தது. மத்தியானம் அண்ணாந்து பார்த்தபோதுதான் கவனித்தேன், சீமாட்டிக்குக் கை இல்லை. மணிக்கட்டோடு போய்விட்டது. இத்தனை பேர் பார்த்தார்கள், ஒருவர் கண்ணிலும் படவில்லை. அன்று காலை நான் வழக்கம்போல கெஸ்ட் ஹவுசுக்கு போன் செய்திருந்தேன். "புது ஆபீஸ்ல பெரிய படமெல்லாம் மாட்டியிருக்காங்களாமே மேடம், ஒருநாள் வந்து பாக்கலாமா?" என்று திருச்சிக்காரர் கேட்டிருந்தார்.

சனிக்கிழமை துண்டுகளை எடுத்துக்கொண்டு அக்காவிடம் போனேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்று ஏங்கினேன். அவரோ துண்டுகளை விரித்து நான்கு முனையிலும் கண்ணாடிக் கட்டிகளை வைத்தார். ஊத ஆளில்லாமல் ஊதிக்கொண்டிருந்தான் காற்று. குருவி தனியாக இருந்தது. அக்கா தோட்டக்காரர்கள் இருந்த துண்டை மட்டும் எடுத்து அளக்கத் தொடங்கினார்.

பதினொரு பேரும் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். வலது விளிம்பிலிருந்து, லேஸ் வைத்த சட்டைக்கை நுனி ஒன்றும் அதிலிருந்து நீண்ட ஒரு விரலும் உள்ளே வந்திருந்தன. சீமாட்டியின் கை இங்கே இருந்தது.

எனக்கு ஒரு நல்ல யோசனை தோன்றியது. அக்காவைச் சமாதானப்படுத்திவிடலாம் என்று நினைத்தேன்.

"அக்கா, சுத்தி வைக்கிற அட்டைய அந்தப் பக்கம் கொஞ்சம் அகலமா வெச்சு அந்த விரல மறைச்சிடுங்க. அப்ப அவங்க தோட்டத்துல அவங்களே வேல செய்யற மாதிரி இருக்கும்."

அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நீரும் வெட்டச் சொல்லுறீர்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "விரல் இருக்கட்டும். பாக்கிறவை ஆரின்ரை விரலெண்டு கேக்கட்டும்."

அதைப் பிரேம் போட்டுக் கடை ஜன்னலில் மாட்டினார். கேட்டார்கள்தான். புடவைக் கடைக்கு வந்தவர்கள், ஜிலேபி வாங்க வந்தவர்கள், எல்லோரும் கேட்டார்கள். அக்கா யாருக்கும் பதில் சொல்லவில்லை. மூன்று மாடி ஆர்டர் அந்த மால் கடைக்குப் போனது. குத்தகை மே மாதத்தோடு முடிந்தது. அன்றைக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்திருந்தால் அந்தக் கடை இருந்திருக்கும் என்று அக்கா மேலும் எனக்குக் கோபம் உண்டு. முதலாளி மேல் இருக்கும் கோபத்துக்கு அளவே இல்லை. அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு அடுத்த பதினான்கு மாதம் அவரிடம் சம்பளம் வாங்கினேன்.

கடையின் கடைசிச் சனிக்கிழமை, சாமான்களைக் கட்ட உதவப் போயிருந்தேன். மளிகை வாங்க ஒரே காரில் ஐந்து பேராக வந்திருந்த கெஸ்ட் ஹவுஸ் ஆட்களில் ஒருவர் ஜன்னல் முன்னால் நின்றார். வெகுநேரம் நின்றுவிட்டு உள்ளே வந்தார். நான் அக்காவிடம் பேசிய குரலை வைத்தே என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"மேடம், நீங்கதானே காலைல போன் பண்றவங்க? நான் திருச்சி" என்றார் சந்தோஷமாக. பிறகு படத்தைக் காட்டினார். "ரொம்ப நல்லாருக்குங்க. எல்லாரும் என்னமா வேல செய்யறாங்க! ஆனா இந்த ஓரத்துல நீட்டுதே ஒரு விரல், அது யாரோடதுங்க?"

அக்கா கண்ணாடிகளைத் தாளில் சுற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"தெரியலீங்களே" என்றேன்.